ஹாம்பர்க் நகரத்துப் பழைய ஆர்கன்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நம் முன்னோர் பகுத்தனர். இப்பகுப்பின்படி நோக்கினால், மேனாட்டுத் தேவாலயங்களில் உள்ள ஆர்கன் ஒரு துளைக்கருவியே ஆகும். ஆயினும் அதனை ஊதுவார் இல்லை. துருத்தியின் காற்றே அதற்கு மூச்சு. குழலும் ஒன்றன்று, ஆயிரக்கணக்கான குழல்கள் ஒருவருடைய இரு கைகளுக்கும் இரு கால்களுக்கும் அடங்கி ஒலிக்கின்றன. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லவும் இயலாது. கட்டடத்தோடு கட்டடமாக நிற்பது அது. நம் நாட்டில் பலர்க்கும் இவ்வினத்துள் அறிமுகமானது ஹார்மோனியமே. அது ஆர்கனுக்குத் தூரத்து உறவினது. அதனுள் பித்தளை நாக்குகள் உண்டு, குழல்கள் இல்லை.

இப்பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஓர் ஆர்கன். ஜெர்மனியின் வடபால், எல்ப நதிக்கரையில் உள்ள ஹாம்பர்க் துறைமுகத்தில், தூய யாக்கோபு தேவாலயத்தின் மேற்கு மாடத்தில் அது நிற்கின்றது. கட்டி முடிந்தது 1693ஆம் ஆண்டில். மேனாட்டு இசை வரலாற்றில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையுள்ள காலத்தைப் 'பரோக்' காலம் என்பர். அக்காலத்து இசையை அக்காலத்துக் கருவியிலேயே வாசிக்க வேண்டும் என்று இன்று மேனாட்டார் பலர் பெரிதும் முயல்கின்றனர். சுரங்கள் எல்லாம் ஏட்டில் எழுதப்பட்டுள்ளனவே, எந்தக் கருவியில் வாசித்தால் என்ன என்று கேட்கலாம். இவ்வினா அற்பமானதன்று. எனினும் ஏட்டில் எழுதாத பலவற்றைக் கருவியே தன்னுள் எழுதி வைத்திருக்கின்றது என்பதும், கருவியைத் திருத்தினால் அவ்வெழுத்து அழிந்துபோகின்றது என்பதும் இந்த ஓர் ஆர்கனின் கதையைக் கேட்டாலே விளங்கும்.

முதலில் கருவியின் அமைப்பைச் சிறிது காண்போம். குழல்கள் இருவகையின. ஒருவகை நம் பிள்ளைகள் ஊதும் ஊதல் போன்றது. அடியிலுள்ள பிளவின் வழியே வரும் காற்று ஓர் உதட்டில் மோதிப் பிளவுபடுவதால் ஒலி பிறக்கின்றது. மற்றொரு வகையில் குழலின் அடியில் ஒரு பித்தளை நாக்கு துடிக்க, மேலுள்ள குழல் அத்துடிப்பைப் பெருக்கித் தருகின்றது. நாகசுரத்தின் சீவாளியை ஒருபுடை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் சீவாளிக்கு இரண்டு நாக்கு, இதற்கு ஒன்றே. ஒரே தன்மையுடைய குழல்கள், கட்டைக்கு ஒன்றாக, ஒரு வரிசையாக நிற்கும். யாக்கோபு ஆர்கனில் இத்தகைய இசைவகுப்புகள் 60 உள்ளன. ஒரே கட்டைக்குப் பல குழல் ஒலிக்கும் கலப்பு வகுப்புகளும் அவற்றுள் அடங்கும். குழல்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ 4,000. மிக நீண்ட குழல் 32 அடி. அது விநாடிக்கு இருபதுக்கும் குறைவான அதிர்வுகளையே தருமாதலின், அதனைக் காது கேட்பதைக் காட்டிலும் மார்பு உணர்கின்றது எனலாம். மிகச் சிறிய குழல்களோ விரலளவினும் சிறியன.

கைகளுக்கு 4 கட்டைவரிசைகள், கால்களுக்கு ஒரு மிதிகட்டை வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் உரிய குழல்கள் தனித்தனிப் பேழையில் இருக்கும். நடுவில் தலைமைப் பேழை. அதன் மேலே ஒன்று. வாசிப்பவர் மார்புக்கு நேரே ஒன்று. அவர் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி மற்றொன்று. இருபுறமும் கோபுரங்கள் போல் மிதிகட்டைக்குரிய பெருங்குழல்கள். ஆகவே வாசிப்பவர் ஒரு கட்டைவரிசையினின்று மற்றொன்றுக்குக் கையை மாற்றினால், ஒலி அருகிலிருந்து தொலைவுக்கும், கீழிருந்து மேலுக்கும் இடம்பெயர்கின்றது. ஒரு பெருங்கூடத்தில் நான்கைந்து குழுவினர் தம்முள் வினாவும் விடையுமாகப் பாடுவது போன்றது அது. இவ்வுண்மையை அறியாது அக்காலப் பாடல்களை ஏட்டில் மட்டும் பார்ப்பவர்க்கு, ஒரே சொற்றொடர் ஏன் இருமுறை வருகின்றது என்பது புலப்படாது. இடம் மாறி ஒலிப்பதற்காகவே அது இருமுறை வருகின்றது.

இதனைக் கட்டியவர் ஆர்ப் ஷ்நிட்கர் என்னும் பேராசான். 1648இல் பிறந்து 1719இல் மறைந்த இவர், நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்கன்களைக் கட்டியும் புதுக்கியும் வட ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நிறுத்தியவர். ஹாம்பர்க்கில் இத்துணைப் பெரிய கருவிகள் எழுந்ததற்குக் காரணம் உண்டு. 1618 முதல் 1648 வரை ஜெர்மனியை அழித்த முப்பதாண்டுப் போரில், வலிய மதில்களை உடைய இந்நகரம் சேதமின்றித் தப்பியது. வாணிகத்தால் பொருள் குவிந்தது. மன்னர் இல்லாத வணிகர் நகரமாதலின், அரண்மனைக்குச் செல்லும் பொருள் தேவாலயத்திற்குச் சென்றது. ஐந்து பெருந்தேவாலயங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. 1687இல் தூய நிக்கோலா தேவாலயத்திற்கு ஷ்நிட்கர் 67 வகுப்புகள் கொண்ட ஆர்கனைக் கட்டி முடித்தார். அதன் பின்னர் யாக்கோபு தேவாலயத்தார் வாளாவிருப்பரோ? 1689இல் அவர்கள் பணியும் தொடங்கியது.

ஷ்நிட்கர் செய்த செயல்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. அத்தேவாலயத்தில் முன்னிருந்த ஆர்கனின் குழல்களை அவர் எறிந்துவிடவில்லை. ஷெரர், ஃப்ரிட்ஷ் முதலிய முந்தைய ஆசான்களின் கைவண்ணமான நற்குழல்களைத் தேர்ந்தெடுத்துத் தம் கருவியுள் சேர்த்துக்கொண்டார். பழங்கோயில் தூண்களைப் புதுக்கோயில் மண்டபத்தில் சேர்த்துக் கட்டும் நம் சிற்பிகளின் வழக்கம் நினைவுக்கு வருகின்றது. ஆகவே 1693ஆம் ஆண்டுக் கருவியில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட குரல்களும் கலந்துள்ளன.

கருவி இவ்வாறாக, வாசித்தோர் மரபும் தொடர்ச்சியானது. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்வேலிங்க் என்பாரிடம் ஹாம்பர்க் இளைஞர் பலர் சென்று பயின்றனர். ஜெர்மானிய ஆர்கன் வாசிப்போரை உருவாக்கியவர் என்றே அவர் பெயர் பெற்றார். அவர் மாணவர் ஷைடமன் தூய கத்தரீன் தேவாலயத்தில் வாசித்தார். ஷைடமனின் மாணவர் ரைங்கன் அவ்விடத்திலேயே அவருக்குப் பின் அமர்ந்தார். ஸ்வேலிங்க்கின் மற்றொரு மாணவரான யாக்கோப் ப்ரெடோரியஸிடம் பயின்ற வெக்மன் என்பவர் 1655 முதல் 1674 வரை யாக்கோபு தேவாலயத்தில் இருந்தார். நம் நாட்டில் குரு பரம்பரை என்று சொல்வதற்குச் சற்றும் குறையாத தொடர்ச்சி இது.

மற்றொன்றும் நம்மவர்க்கு உவப்பாக இருக்கும். இவர்களுடைய கலையின் உயிர்நிலை மனோதர்மமே. பதவிக்கு வருபவரை அளக்கத் தேர்வாளர் ஒரு மெட்டையோ கருப்பொருளையோ கொடுப்பர். அதனை அப்பொழுதே விரித்து வாசித்துக் காட்ட வேண்டும். எழுதி வைக்கப்பட்ட பாடல்களிலும் இம்மரபு தெரிகின்றது. லூபெக் நகரத்துத் தூய மரியன்னை தேவாலயத்தில் 1668 முதல் 1707 வரை இருந்த பூக்ஸ்டெஹூட என்பாரின் முன்னிசைகளைக் கேட்டால், தொடக்கம் தாளக் கட்டின்றி, ஓடியும் நின்றும், திடீரென்று திரும்பியும் செல்லும். நம் ஆலாபனையை அறிந்தார்க்கு இப்போக்கு வியப்பளிக்காது. பின்னர் கட்டுப்பாடான ஒரு பகுதி வரும். ஒரு சிறு கருப்பொருளை முதலில் ஒரு குரல் எடுக்க, அதனையே மற்றொரு குரல் பஞ்சமத்தில் எடுக்க, இவ்வாறு நாலைந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிச் செல்லும். இதற்கு 'ஃப்யூக்' என்று பெயர். மறுபடியும் கட்டவிழ்ந்த பகுதி, மறுபடியும் ஃப்யூக். ஒப்புமை ஒருபுடையதே. நம் இசையில் ஒரே இழை நீள்கின்றது, அவர் இசையில் பல இழைகள் நெய்யப்படுகின்றன.

பூக்ஸ்டெஹூடவின் வாசிப்பைக் கேட்பதற்காக 1705ஆம் ஆண்டு குளிர்காலத்தில் 20 வயது இளைஞர் ஒருவர் ஆர்ன்ஷ்டாட் என்னும் சிற்றூரினின்று ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே லூபெக் சென்றார். பெற்ற விடுமுறை நான்கு வாரம். தங்கித் திரும்பியது ஏறத்தாழ நான்கு மாதம். திரும்பி வந்ததும் தேவாலயத்தார் அவரை அழைத்து வினவினர். அவர் வாசிப்பில் புதிய விசித்திரங்கள் புகுந்து சபையார் பாட முடியாமல் தடுமாறுகின்றனர் என்ற குறையும் கூறினர். அவ்விளைஞரே யோஹான் செபாஸ்தியன் பாஹ்.

பாஹ் ஹாம்பர்க்குக்கு வந்த 1720ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். அப்பொழுது அவர் கோத்தன் என்னும் சிற்றரசில் இசைத்தலைவர். அரசர் இசையன்பர், ஆயினும் அவ்வரசவையினர் பின்பற்றிய சமயப்பிரிவில் தேவாலய வழிபாட்டுக்கு விரிவான இசை வேண்டப்படவில்லை. பெரிய ஆர்கன் ஒன்றும் பாஹுக்கு அங்கு வாய்க்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் அவர் வெளியூர் சென்றிருந்த காலத்தில் மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் ஆகிவிட்டது; வீட்டுக்கு வந்த பின்னரே அவர் அறிந்தார். செப்டம்பரில் யாக்கோபு தேவாலயத்து ஆர்கன் வாசிப்பவர் காலமானார். அவ்விடத்தை நாடியோர் எண்மருள் பாஹும் ஒருவர். நவம்பரில் ஹாம்பர்க் வந்தார்.

வந்தவர் கத்தரீன் தேவாலயத்து ஆர்கனில், நகரப் பெருமக்கள் முன்னிலையில், இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வாசித்தார். கேட்டோருள் முதுபெரும் ரைங்கனும் ஒருவர். 'பாபிலோன் ஆறுகளின் அருகே' என்னும் கீதத்தின் மெட்டைக் கொடுத்து அங்குள்ளோர் வாசிக்கும்படி கேட்க, பாஹ் அதனை ஏறத்தாழ அரை மணி நேரம் பலவாறாக விரித்து வாசித்தார். நாடிழந்து அயல்நாட்டு ஆற்றங்கரையில் அமர்ந்து அழுத யூதர்களைப் பற்றிய சங்கீதம் அக்கீதத்திற்கு மூலம். இக்கலை இறந்தொழிந்தது என்று எண்ணியிருந்தேன், உம்மிடத்தில் அது இன்னும் வாழ்கின்றது என்ற கருத்துப்பட ரைங்கன் பாராட்டியதாகப் பாஹின் இரங்கற்குறிப்பு கூறுகின்றது. அக்குறிப்பு அவர்க்கு அப்பொழுது ஏறத்தாழ நூறு வயது என்று சொல்லும். உண்மையில் எழுபத்தேழளவே ஆகும் என்று பின்னைய ஆராய்ச்சி காட்டியுள்ளது.

இந்நிகழ்ச்சிக்கு முன்கதை ஒன்றும் உண்டு. அது நம் காலத்திலேதான் வெளிப்பட்டது. அதே 'பாபிலோன்' மெட்டின்மேல் ரைங்கன் தம் இளமையில் மிக நீண்ட ஒரு கற்பனை இசையை எழுதியிருந்தார். 2006ஆம் ஆண்டு வைமர் நகர நூலகத்து ஏடுகளிடையே அதன் படி ஒன்று கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 1700ஆம் ஆண்டில், லூனபர்க்கில், கேயோர்க் போம் என்னும் ஆசிரியரிடத்தே எழுதப்பட்டது என்ற குறிப்பும் அதில் இருந்தது. கையெழுத்து 15 வயதுச் சிறுவன் பாஹினுடையது! சிறுவனாக எழுதிப் பயின்ற மெட்டை இருபது ஆண்டு கழித்து, அதனை எழுதிய முதியவர் முன்னிலையிலேயே பாஹ் வாசித்தார். ரைங்கனின் பாராட்டை இச்செய்தியோடு சேர்த்துப் பார்த்தால் அதன் கனம் வேறாகின்றது.

இத்துணைப் புகழ் பெற்றும் யாக்கோபு தேவாலயப் பதவி பாஹுக்குக் கிடைக்கவில்லை. நவம்பர் 28ஆம் நாள் நடந்த முறையான தேர்வுக்கு முன்னரே தம் அரசர்பால் அவர் திரும்ப வேண்டியதாயிற்று. தேவாலயத்தார் அவர் மடலுக்குக் காத்திருந்தனர். மடல் வந்தது, வாசிக்கப்பட்டது என்பது ஏட்டில் உள்ளது. அதில் எழுதியிருந்தது என்ன என்பது ஏட்டில் இல்லை. டிசம்பர் 19ஆம் நாள் ஹைட்மன் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த மாதமே அவர் தேவாலயக் கருவூலத்திற்கு 4,000 மார்க் செலுத்தினார். பதவியை விற்றல் ஆகாது, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தாமாக விரும்பி நன்றிக் காணிக்கை அளித்தால் ஏற்கலாம் என்பது அவையினர் முடிவு. இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளைக் காண்பதில் அலுவலகங்கள் எந்நாட்டிலும் வல்லவையே. அத்தேவாலயத்துத் தலைமைக் குருவும் கவிஞருமான நாய்மைஸ்டர் இதனைப் பொறாமல், கிறிஸ்து பிறப்பு நாளையொட்டிய அருளுரையிலேயே, பெத்லகேமின் வானதூதர் ஒருவர் இறங்கி வந்து தெய்வீகமாக வாசித்தாலும் கையில் பணமில்லையேல் மீண்டும் பறந்து செல்ல வேண்டியதே என்ற பொருள்பட இடித்துரைத்தார் என்பர். பின்னாளில் ஹைட்மன் பெயரை வரலாற்றாசிரியர் குறிப்பதெல்லாம் அந்த 4,000 மார்க்கின் பொருட்டே.

பாஹ் பெறாத அந்தக் கருவி அவர்க்குப் பின்னும் நின்றது. ஆயின் காலத்தின் சுவை மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல வாத்தியங்கள் கூடிய பெரிய குழுவிசையே உயர்ந்தது என்ற எண்ணம் பரவ, ஆர்கனும் அதுபோலவே மெல்லத் தொடங்கிப் பெருகிப் பொங்க வேண்டும் என்று விரும்பினர். பழங்கருவிகளின் கூர்மையான கலப்புக் குழல்கள் காதுக்குக் கடுமை என்று நீக்கப்பட்டன. மழுங்கிய, கனத்த குரலுடைய குழல்கள் புகுந்தன. காற்றின் அழுத்தம் கூட்டப்பட்டது. பின்னர் மின்சாரமும் வந்தது. இப்புதுக் கருவிகளில் பாஹின் ஃப்யூக்கை வாசித்தால் குரல்கள் தனித்தனியே தெரியாமல் குழம்பும். இதனை உரத்துச் சொன்னவர்களுள் முதல்வர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். ஆப்பிரிக்காவில் மருத்துவத் தொண்டு புரிந்து 1952ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசு பெற்ற அதே பெரியார்தாம். அவர் 1906இல் ஜெர்மானிய, பிரெஞ்சு ஆர்கன் கலை பற்றி ஒரு சிறுநூல் எழுதி, பழங்கருவிகளை உடைத்தெறிய வேண்டா என்று மன்றாடினார். பலர் நகைத்தனர்.

யாக்கோபு ஆர்கனைச் சுவை மாற்றம் அதிகம் தீண்டவில்லை, போர்கள் தீண்டின. நிக்கோலா தேவாலயத்து ஆர்கன் 1842ஆம் ஆண்டுப் பெருந்தீயில் தேவாலயத்தோடு அழிந்துவிட்டது. யாக்கோபு தேவாலயத்தை அத்தீ எட்டவில்லை. 1917ஆம் ஆண்டு, முதல் உலகப்போரில், வெள்ளீயம் வேண்டும் என்று அரசு கேட்க, முகப்பில் வரிசையாய் நின்ற பெருங்குழல்கள் கழற்றிக் கொண்டுபோய் உருக்கப்பட்டன. இருநூற்றிருபத்து நாலு ஆண்டு பாடிய குழல்கள் போர்த் தளவாடமாயின. எஞ்சியதை உலகறியச் செய்தவர் ஹான்ஸ் ஹென்னி யான் என்னும் இளம் எழுத்தாளர். போருக்குச் செல்ல மறுத்து நார்வே நாட்டில் இருந்து, போர் முடிந்ததும் ஊர் திரும்பியவர். 1919 முதல் இவ்வார்கனின் உள்ளே புகுந்து, குழல்களை அளந்து, இது கிடைத்தற்கரிய செல்வம் என்று எழுதியும் பேசியும், நிதிக்காக இசை நிகழ்ச்சிகள் நடத்தியும் பழுதுபார்க்கச் செய்தார். 1925இல் ஹாம்பர்க்கிலும் லூபெக்கிலும் ஆர்கன் வல்லுநர் மாநாடு ஒன்று கூடிற்று. ஜெர்மனியெங்கும் பழங்கருவிகளை நோக்கித் திரும்பிய இயக்கத்திற்கு அது பெருந்தூண்டுகோலாயிற்று. இசைப்பட்டம் பெற்ற அறிஞர்கள் காணாததை ஒரு நாடக ஆசிரியர் கண்டார்.

இரண்டாம் உலகப்போர் இன்னும் கொடியது. 1942 மார்ச்சு மாதத்துக் குண்டுவீச்சில் லூபெக்கில் பூக்ஸ்டெஹூட வாசித்த ஆர்கன் மரியன்னை தேவாலயத்தோடு எரிந்தது. ஹாம்பர்க்கில் பாஹ் வாசித்த கத்தரீன் ஆர்கன் 1943இல் அழிந்தது. யாக்கோபு தேவாலயத்தில் குழல்களையும் அவை நிற்கும் காற்றுப்பெட்டிகளையும் முன்னரே கழற்றிக் காப்பிடத்தில் வைத்திருந்தனர். 1944 ஜூன் 18ஆம் நாள் தேவாலயம் எரிந்தபொழுது மரத்தாலாகிய பேருறையும் துருத்திகளும் சாம்பலாயின, குழல்கள் பிழைத்தன. போருக்குப் பின் 1950இல் தேவாலயத்தின் தென்புறத்தே அவை நிறுத்தப்பட்டன. 1961 அளவில் மேற்கு மாடத்தை அடைந்தன. அவசரக் காலத்துப் பணியாதலின் பல பிழைகள் நேர்ந்தன. இறுதியாக, யூர்கன் ஆரெண்ட் என்னும் கைவல்லார் கருவி முழுவதையும் பிரித்து, பழங்குழல் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, இழந்த முகப்புக் குழல்களையும் உறையையும் பழைய முறையிலேயே புதிதாகச் செய்து, 1993ஆம் ஆண்டு, கருவியின் முந்நூறாம் ஆண்டில், நிறைவேற்றினார்.

அப்படியாயின் இது பழங்கருவியா, புதுக்கருவியா? உறை புதிது, துருத்தி புதிது, முகத்திலுள்ள குழல்கள் புதியன. உள்ளே பாடுவனவற்றுள் பெரும்பகுதி பழையன. என்னைக் கேட்டால் இதனைப் பழங்கருவி என்றே சொல்வேன். ஏனெனில் புதியவற்றைச் செய்தவர் தம் சுவையைப் புகுத்தாமல், மீந்திருந்த குழல்களின் உலோகக் கலவை, உதட்டின் வெட்டு, சுவரின் கனம் ஆகியவற்றையே சட்டமாகக் கொண்டு செய்தார். ஈயத் தகட்டை எவ்வாறு வார்ப்பது என்பதுகூட மறந்துபோன கலையாயிருந்தது. ஸ்வீடன் நாட்டுக் கோதென்பர்க்கில், ஷ்நிட்கர் முறையில் ஒரு புதிய ஆர்கனை 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றிய ஆராய்ச்சியாளர், மணற்பரப்பின்மேல் உலோகத்தை ஊற்றித் தகடு வார்க்கும் பழைய முறையை மறுபடியும் பயின்று கண்டனர்.

சுருதியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நம் நேயர்க்கு இதுவே மிக நெருங்கிய செய்தியாக இருக்கும். இக்காலப் பியானோவிலும் ஹார்மோனியத்திலும் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாக்கி வைத்துள்ளனர். அதனால் எந்தக் கட்டையிலிருந்தும் வாசிக்கலாம். ஆனால் அந்தர காந்தாரம் இயல்பான இடத்தினின்று சற்று ஏறியே நிற்கும். இச்சம முறை நம் சுருதிகளுக்கு ஒவ்வாது என்பது முதலிய காரணங்களால்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை நிலையத்துள் அனுமதிக்கவில்லை. பின்னரும் வரையறைகளோடே அனுமதித்தது. அம்முடிவு சரியா தவறா என்ற வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. அதே வழக்கு ஹாம்பர்க்கிலும் எழுந்தது. ஷ்நிட்கர் காலத்துச் சுருதி முறையில் பஞ்சமங்களைச் சிறிது குறுக்கி, அதனால் அந்தர காந்தாரங்களைத் தூய்மைக்கு அருகில் நிறுத்தினர். அதன் விலையாக, வழக்கமாகப் புழங்காத சில கட்டைகளின் இணைப்பு கரகரவென்று பொருந்தாமல் ஒலிக்கும். அவ்வலறலை 'ஓநாய்' என்றே பெயரிட்டழைத்தனர். 1993இல் யாக்கோபு ஆர்கனுக்கு இப்பழைய முறையையே, ஓநாயின் சீற்றத்தைச் சற்றுத் தணித்து, வைத்தனர். கருவியின் பொதுச் சுருதியும் இக்கால அளவைக்கு ஏறத்தாழ ஒரு முழுச் சுரம் உயர்ந்தது. ஒன்றாம் கட்டையை அழுத்தினால் இன்றைய காதுக்கு இரண்டாம் கட்டையே கேட்கும்.

இத்தகைய கருவி தன்முன் அமர்பவரை மாற்றிவிடுகின்றது. கட்டைக்கும் குழலின் அடைப்புக்கும் இடையே மெல்லிய மரச்சட்டங்களே உள்ளன, மின்கம்பி இல்லை. விரல் எவ்வளவு விரைவாகவோ மெதுவாகவோ இறங்குகின்றதோ, அதற்கேற்பக் குழல் தன் முதல் எழுத்தை உச்சரிக்கின்றது. குரலின் உரப்பைக் கூட்டவும் குறைக்கவும் விரலுக்கு வழியில்லை. ஆகவே ஒரு சுரத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமாயின், அதற்கு முன் ஓர் இமைப்பொழுது மௌனம் விட வேண்டும். அக்காலத்தார் கட்டைவிரலை அதிகம் பயன்படுத்தாமல் நடுவிரல்களையே மாற்றி மாற்றி வைத்தனர். மிதிகட்டைகளில் குதிகாலை ஊன்றாமல் முன்காலால் மிதித்தனர். பியானோவில் பழகியவர்க்கு இவை தடையாகத் தோன்றும். ஆயினும் இம்முறையில் வாசித்தால் சுரங்கள் தாமே சிறு சிறு சொற்களாகப் பிரிந்து நிற்கின்றன. ஃப்யூக்கின் ஐந்து குரலும் அந்தப் பெருங்கூடத்தின் எதிரொலியினூடே தெளிவாகக் கேட்கின்றன. துருத்திக்காற்றும் இயந்திரக்காற்றைப் போல் இறுகி நிற்பதில்லை. பெருங்குழல்கள் ஒருங்கே ஒலிக்கும்பொழுது அது சற்றே தளர்ந்து மீள்கின்றது. பாடகர் மூச்சு வாங்குவது போல. முற்காலத்தில் துருத்திகளை ஆட்கள் ஏறி மிதித்தனர். இழுகோல்களை இழுத்துக் குழல்வரிசைகளை மாற்றவும் பக்கத்தில் உதவியாளர் நிற்பர். ஒருவர் வாசிக்கும் கருவி என்று பெயரேயன்றி, அதன் பின்னால் ஒரு சிறு கூட்டமே உழைத்தது.

பழைய சுருதியை மீட்டதனால் எல்லாம் இனிதாயிற்று என்று எண்ண வேண்டா. பாஹின் ஜி மைனர் கற்பனையும் ஃப்யூக்கும் ஹாம்பர்க் வருகையோடு தொடர்புடையன என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஃப்யூக்கின் கருப்பொருள் ஒரு டச்சு நாட்டு மெட்டைத் தழுவியது, ரைங்கனோ அந்நாட்டோடு தொடர்புடையவர். கற்பனைப் பகுதி அடுக்கடுக்காகத் தொலைவான சுரக்கட்டுகளுக்குள் புகுந்து செல்வது. யாக்கோபு ஆர்கனில் அதனை வாசித்தால் ஓநாய் பலமுறை பல்லைக் காட்டும். சிலர் இது பிழை, பாஹ் இதை விரும்பியிரார் என்பர். வேறு சிலர், துயரம் மிக்க அவ்விடங்களில் அக்கரகரப்பே பொருள் என்பர். நான் இரண்டாவது கட்சியை நோக்கிச் சாய்கின்றேன். ஆயினும் அதே பாடலை வேறு சுருதியில் கேட்ட மறுநாள் அச்சாய்வு சிறிது தளர்வதையும் மறைப்பதற்கில்லை.

ஹாம்பர்க்கில் இவ்வொப்புநோக்குக்கு இப்பொழுது வாய்ப்பும் உண்டு. பாஹ் ரைங்கன் முன்னிலையில் வாசித்த கத்தரீன் தேவாலய ஆர்கன் 2013ஆம் ஆண்டில் மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது. யாக்கோபு தேவாலயத்தினின்று நடந்தே செல்லத்தக்க தொலைவில் அது உள்ளது. 1943ஆம் ஆண்டுத் தீயில் கருவி அழிந்தும், முன்னரே பத்திரப்படுத்தியிருந்த ஏறத்தாழ 500 குழல்கள் மீந்திருந்தன. அவை புதுக்கருவியினுள் தத்தம் பழைய வரிசைகளில் நிறுத்தப்பட்டுள்ளன.